சிறுவர் காற்பந்தாட்டமும் பயிற்சித் திட்டமும்

காற்பந்தாட்டத்தைக் கண்டு களிப்பவர் நம் நாட்டிற் பலர். ஆடத் தெரிந்தவர் அவருட் சிலர். சிறுவர்க்கு அதனை முறையாகப் பயிற்றத் தெரிந்தவரோ மிகச் சிலரே. நன்றாக ஆட வல்லவன் நன்றாகக் கற்பிக்கவும் வல்லனாவான் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. இஃது இலக்கணங் கற்றவரெல்லாம் இலக்கணங் கற்பிக்க வல்லர் என்பது போன்றதாம். அக்கூற்று எத்துணை உண்மை என்பதை எம் வகுப்பு நண்பர் நன்கறிவர். நம் கல்லூரி மாணவருட் சிலர் மாலை வேளைகளிலும் சனிக்கிழமைகளிலும் அண்மையிலுள்ள பள்ளிச் சிறுவரைக் கூட்டிப் பந்தாடப் பழக்குகின்றனர். பலர் பின்னர் ஆசிரியராகி ஊரூராகச் செல்வர். உடற்பயிற்சி ஆசிரியர் இல்லாத பள்ளியிலே தமிழாசிரியனே விசிலைக் கையிலெடுக்க நேர்வதும் உண்டு. ஆதலின், பத்து முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள சிறுவர்க்கு ஒரு மாலைப் பயிற்சியை எங்ஙனம் முன்னரே வகுத்துக்கொள்வது என்பது பற்றி யாம் கண்டும் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

நம் ஊர் மைதானங்களில் வழக்கமாகக் காணும் காட்சி ஒன்றுண்டு. பதினெட்டுச் சிறுவர் ஒருவர்பின் ஒருவராக நீண்ட வரிசையில் நிற்பர். கோலுக்கு எதிரே பயிற்றுவோர் ஒரு பந்தை உருட்டுவார். முதலில் நிற்பவன் ஓடிவந்து அதனை உதைப்பான், பந்து வேலிக்கப்பாற் போகும், அதனை எடுத்துவர அவனே ஓடுவான், அடுத்தவன் முன்வருவான். காண்போர்க்கு இது மிக்க ஒழுங்குடைய பயிற்சியாகவே தோன்றும். ஆயின் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவன் உதைத்து அடுத்தவன் ஆயத்தமாவதற்கு 20 விநாடி செல்லும் எனக் கொள்க. பதினெண்மர்க்கும் ஒரு சுற்று முடிய 6 நிமிடம் ஆகும். ஒரு மணி நேரத்தில் 10 சுற்று. எனவே, ஒரு சிறுவன் ஒரு மாலை முழுதும் பந்தைப் பத்தே முறை உதைக்கிறான். எஞ்சிய நேரமெல்லாம் தனக்கு முன் நிற்பவனுடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அப்பத்து முறையிலும் அவனை மறிக்க எதிரியும் இல்லை. பந்தை வாங்கத் தோழனும் இல்லை. எங்கே உதைப்பது, எப்போது உதைப்பது என்று எண்ணவேண்டிய தேவையுமில்லை. வீணை கற்க வந்தவனை ஒரு மணி நேரத்தில் பத்து முறை மட்டும் நரம்பைத் தொடவிட்டு வீட்டுக்கனுப்பினால் அதனைப் பயிற்சியென்று எவரேனும் ஒப்புவரோ?

இதனால் நட்டம் யாருக்கு என்பதை உற்று நோக்குதல் வேண்டும். இயல்பிலேயே கால்வல்ல சிறுவனுக்கு நட்டம் சிறிதே. அவன் வீட்டுக்குப் போன பின்னும் தெருவிற் பந்தடிப்பான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கையில் கோயில் வளவிலே பழம்பந்தொன்றை உருட்டிக் கொண்டிருப்பவனும் அவனே. நட்டமெல்லாம் மந்தமான காலுடையவனுக்கு. அவனுக்குக் கிடைத்த பத்து உதையும் குறிதவறிப் போகின்றன, வரிசை முழுதும் நின்று அதனைப் பார்க்கிறது, நகைக்கிறது. மூன்றாம் வாரம் அவனுக்கு வயிற்றுவலி. ஐந்தாம் வாரம் அவன் வருவதில்லை. பயிற்றுவோரும், அவனுக்கு ஆட்டத்தில் விருப்பமில்லை என்று தீர்த்துவிடுவர். விருப்பம் இல்லாமலில்லை, அவனுடைய முறை வருவதற்குள் அது தீர்ந்து போயிற்று. இவ்வாறு விலகும் சிறுவரை எந்த மைதானத்திலும் காணலாம். வந்தவர் கணக்கை எழுதுவாரே யன்றி, வராது போனவர் கணக்கை எழுதுவார் அரியர். பயிற்சித் திட்டம் என்று யாம் கூறுவது, கடைசியில் நிற்கும் இவனுக்கு இன்று மாலை எத்தனை முறை பந்து கிடைக்கும், எத்தனை முறை அவன் தானே எண்ணி முடிவு செய்வான் என்னும் வினாவுக்கு மைதானத்துக்குப் போகுமுன்னரே விடை எழுதிக்கொள்வதுதான்.

அவ்விடைக்கு நேர்வழி, ஆட்டக்காரர் தொகையைக் குறைத்து ஆட்டங்களின் தொகையைப் பெருக்குவதாம். இங்கிலாந்திலுள்ள மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தார் இந்நூற்றாண்டின் தொடக்கத்திலே தம்மிடம் பயிலும் சிறுவரைப் பக்கத்துக்கு எண்மராகவும் நால்வராகவும் மாறிமாறி ஆடவிட்டு எண்ணிப் பார்த்தனர். நால்வராட்டத்தில் ஒருவர்க்கொருவர் பந்து தருதல் இருமடங்குக்கு மேலும், கோலை நோக்கி அடித்தல் மும்மடங்குக்கு மேலும் நிகழக் கண்டனர். அந்நாட்டுக் காற்பந்துச் சங்கத்தார் 2012-இல் கூடி, ஏழெட்டு வயதினர் பக்கத்துக்கு ஐவராகவும், ஒன்பது பத்து வயதினர் எழுவராகவும், அதற்குமேற் பன்னிரண்டு வரை ஒன்பதின்மராகவும் ஆடுக என்று விதி செய்தனர். ஜெர்மானியர் இன்னும் ஒருபடி சென்று, 2024-ஆம் ஆண்டு முதல் தம் நாட்டின் மிகச் சிறிய பிள்ளைகள் இருவர்க்கிருவர், மூவர்க்கு மூவர் என்றே ஆடவேண்டுமென வகுத்துவிட்டனர். உலகக் கோப்பையை நான்கு முறை வென்ற நாடு அது. பதினொருவராட்டமே ஆட்டம், ஏனையவெல்லாம் குழந்தை விளையாட்டு என்று கருதும் நம்மவர் இதனைச் சிறிது எண்ணிப் பார்ப்பது நன்று.

"எமக்கு அவ்வளவு பந்துமில்லை, இடமுமில்லை" என்று கூறுவாருளர். பந்து இல்லை என்பார்க்கு விடை எளிது. பதினெண்மரைப் பக்கத்துக்கு மூவராகப் பிரித்தால் மூன்று ஆட்டம். மூன்று பந்து போதும். பந்து பல வேண்டுவது தனித்தனிப் பயிற்சிக்கே யன்றிச் சிற்றாட்டங்களுக்கன்று. இடமில்லை என்பார்க்கு ஒரு வரலாறு சொல்லலாம். தென் அமெரிக்காவிலே உருகுவே நாட்டின் தலைநகராகிய மாண்டிவிடியோவில், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் ஆசிரியராயிருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்பவர், 1930-ஆம் ஆண்டில், பக்கத்துக்கு ஐவராகக் கூடைப்பந்துக் களத்திலே ஆடத்தக்க ஒரு காற்பந்தாட்டத்தை வகுத்தார். அதுவே இந்நாளில் உலகமெங்கும் ஆடப்படும் ஃபுட்சால் ஆட்டத்தின் தோற்றம். பெருமைதானம் இல்லாத குறையிலிருந்தே ஒரு புதிய ஆட்டம் பிறந்தது. அச்சங்கத்தாரே 1920-இல் ஹாரி குரோ பக் என்பவரைக் கொண்டு சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினர் என்பதையும், நம் மாகாணத்துப் பள்ளிகளின் உடற்பயிற்சி ஆசிரியர் பலர் அக்கல்லூரியிற் பயின்று வந்தவரே என்பதையும் ஈண்டு நினைவுகூர்வது பொருந்தும்.

இனித் திட்டத்தின் தொடக்கத்துக்கு வருவோம். கற்போனது கொள்ளுந் திறனை அறிந்து கற்பிக்குமாறு நன்னூலார் ஆசிரியர்க்கு விதித்தார். மாணாக்கரை அன்னம், பசு முதலாக நெய்யரி ஈறாக எட்டு உவமைகளால் வகுத்தும் காட்டினார். அவ்வகுப்பு மாணாக்கரை இகழ்தற்கன்று, ஆசிரியன் தன் முறையைத் தெரிந்துகொள்ளுதற்கே என்பது எம் கருத்து. காற்பந்து பயிற்றுவோனும் முதலில் தன் பிள்ளைகளின் பெயர், வயது, பிறந்த திங்கள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். பிறந்த திங்கள் எதற்கு என்று வினவலாம். ஒரே வயதுப் பிரிவில் சனவரியிற் பிறந்தவனும் டிசம்பரிற் பிறந்தவனும் இருப்பர். இருவர்க்குமிடையே ஏறத்தாழ ஓராண்டு வேறுபாடு. பத்து வயதினனுக்கு ஓராண்டென்பது அவன் வாழ்நாளிற் பத்திலொரு பங்கு. கனடா நாட்டுப் பனித்தரை ஹாக்கி ஆட்டக்காரரின் பிறந்தநாட்களை 1985-இல் ஆராய்ந்தவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவருள் ஆண்டின் முற்பகுதியிற் பிறந்தவரே மிக்கிருத்தலைக் கண்டனர். காற்பந்திலும் பல நாடுகளில் இவ்வுண்மை பின்னர்க் காணப்பட்டது. நாம் "திறமை" என்று தோளைத் தட்டிக் கொடுப்பதிற் பெரும்பகுதி சில திங்கள் முன்னே பிறந்த உயரமும் எடையுமே. டிசம்பரிற் பிறந்தவனை "இவன் தேறான்" என்று தள்ளுமுன் குறிப்பேட்டை ஒருமுறை புரட்டுக.

பந்தின் அளவும் நோக்கத்தக்கது. பெரியோர் ஆடும் ஐந்தாம் அளவுப் பந்து 410 முதல் 450 கிராம் எடையும், 68 முதல் 70 செண்டிமீட்டர் சுற்றளவும் உடையது. பன்னிரண்டு வயது வரை அதனினும் சிறிய நான்காம் அளவே ஏற்றது. நம் பள்ளிகளிலோ, பெரியோர் ஆடித் தேய்த்துத் தையல்விட்ட ஐந்தாம் அளவுப் பந்தே பிள்ளைகளுக்கு வந்து சேர்கிறது. கோலும் அப்படியே. 7.32 மீட்டர் அகலமும் 2.44 மீட்டர் உயரமும் உடைய பெருங்கோலின் நடுவே பத்து வயதுக் காவலனை நிறுத்தினால், தலைக்குமேலே தூக்கி அடித்தவனெல்லாம் வெற்றி வீரனாவான். பந்தைத் தரையிற் கொண்டுசெல்லும் கலை வளராது. இரண்டு கல்லோ, இரண்டு சோடிச் செருப்போ இரண்டடி எடுத்து வைக்கும் தொலைவில் இட்டால் அதுவே சிறந்த கோல்.

ஒரு மாலைக்கு ஒரு பொருளே கற்பிக்க வேண்டும். இதனை எத்துணை வற்புறுத்திச் சொன்னாலும் தகும். பந்து தருதல், தலையால் முட்டுதல், மூலையுதை, தண்டனையுதை என எல்லாவற்றையும் ஒருநாளிற் பரப்பினால், சந்தைக்குப் போனவன் எதையும் வாங்காமல் திரும்பியது போலாகும். எடுத்துக்காட்டாக, "பந்து காலுக்கு வருமுன்னே தலையைத் திருப்பிச் சுற்றும் பார்த்தல்" என்னும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இது சிறிய பொருளன்று. நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் கெய்ர் யோர்டெட் என்பவர் இங்கிலாந்தின் முதல்நிலை ஆட்டக்காரர் 118 பேரைக் கூர்ந்து நோக்கி 2013-இல் வெளியிட்டவற்றால், பந்து வருமுன் அடிக்கடி தலைதிருப்பிப் பார்ப்பவரே பந்தைத் தோழர்க்குத் தவறாது சேர்ப்பவராக இருத்தல் விளங்கியது. கால் செய்யும் வேலையைக் கண் முன்னரே செய்துவிடுகிறது என்க. இப்பழக்கத்தை வரிசையில் நிறுத்திக் கற்பிக்க முடியாது. பார்ப்பதற்கு அங்கே ஒன்றுமில்லையன்றோ?

பிள்ளைகள் பதினெண்மர், பந்து ஆறு, நேரம் மாலை நாலே முக்கால் முதல் ஆறுமணி வரை எனக் கொண்டு அம்மாலையை வகுத்துப் பார்ப்போம்.

முதற் பன்னிரண்டு நிமிடம் தொட்டுப் பிடிக்கும் விளையாட்டு. மூவர் துரத்துவர், ஏனையோர் ஓடுவர், ஆறு பந்தும் ஓடுவோரிடையே இருக்கும். பந்து வைத்திருப்பவனைத் தொடலாகாது. ஆகவே, துரத்தப்படுபவன் "டேய், இங்கே!" என்று கூவ, பந்துடையவன் அவனுக்கு விரைந்து தந்து காப்பாற்ற வேண்டும். பிடிபட்டவன் துரத்துவோனாவான். உடல் சூடேறுவதும் இதிலேயே முடிந்துவிடும். மைதானத்தை ஐந்துமுறை சுற்றி வருக என்னும் பழைய கட்டளைக்கு இடமில்லை. பந்தின் மேலேயே கண்ணை நாட்டியிருப்பவன் எவனையும் காப்பாற்ற மாட்டான் என்பதை ஒருவரும் சொல்லாமலே பிள்ளைகள் கண்டுகொள்வர்.

அடுத்த பதினைந்து நிமிடம் மூவர் மூவராக ஆறு கூட்டம். ஒரு நேர்கோட்டில் எட்டெட்டு அடி நடை இடைவிட்டு மூவரும் நிற்பர். ஓரத்தில் நிற்கும் முதல்வன் நடுவனுக்குப் பந்தை உருட்டுவான். நடுவனுக்குப் பின்னே நிற்கும் மூன்றாமவன், பந்து வரும்போதே, ஒன்று நடுவனை நெருங்கி வரலாம். அன்றித் தன்னிடத்திலேயே நிற்கலாம். நடுவன் தோளுக்குமேலே திரும்பிப் பார்த்தாலன்றி இதனை அறியான். நெருங்கி வந்தால் பந்தை வந்த வழியே திருப்பித் தருதல் வேண்டும். வாராது நின்றால் தான் திரும்பி அவனுக்குத் தருதல் வேண்டும். இரண்டிரண்டு நிமிடத்துக்கொருமுறை இடம் மாறிக்கொள்வர். மந்தமானவனுக்கு இது கடினமாயின், மூன்றாமவன் நகராது விரல்களை மட்டும் உயர்த்திக் காட்ட, பந்து வருமுன் அவ்வெண்ணை நடுவன் உரக்கச் சொன்னாற் போதும். வல்லவனுக்கு எளிதாயின், இரண்டு தொடுதலுக்குமேற் கூடாது என்க. ஒரே பயிற்சியை ஆளுக்கேற்பக் கடினமாக்கவும் எளிதாக்கவும் பயிற்றுவோன் கையில் உள்ள கருவிகள் இடம், நேரம், ஆள்தொகை, தொடுதல் ஆகிய இவைதாம். இடத்தை விரித்தால் பந்துடையவனுக்கு எளிது. சுருக்கினால் அவனுக்கு அரிது. பயிற்சி சரியாக நடவாதபோது புதிய பயிற்சிக்குத் தாவாமல், இவற்றுள் ஒன்றைச் சிறிது திருப்பிப் பார்ப்பதே அறிவுடைமை.

தண்ணீர் குடிக்க மூன்று நிமிடம் சென்றபின், இருபது நிமிடம் மூவராட்டம். இதுவே அம்மாலையின் உயிர். ஹார்ஸ்ட் வைன் என்னும் ஜெர்மானியப் பயிற்சியாளர் பரப்பிய முறை இது. முப்பது நடை நீளமும் இருபத்தைந்து நடை அகலமும் உள்ள களத்தின் ஒவ்வொரு முனையிலும் ஒன்றன்று, இரண்டு சிறு கோல்கள், இரு மூலைகளையும் அடுத்து இருக்கும். கோல் காப்போன் இல்லை. எதிரியின் எல்லைக்கு ஆறு மீட்டருக்குள் வந்த பின்னரே கோலடிக்கலாம். இதன் நுட்பத்தைப் பாருங்கள். ஒரே கோல் இருந்தால் சிறுவர் அனைவரும் வெல்லக்கட்டியை ஈ மொய்ப்பது போல் பந்தை மொய்த்துக்கொண்டு நடுவழியே முட்டிமோதுவர். இரண்டு கோல் இருப்பதால், வலப்பக்கம் ஆள் அடைத்தால் இடப்பக்கம் திறந்திருக்கும். திறந்திருக்கும் கோல் எது என்று அறியவேண்டின் தலைநிமிர்ந்து பார்த்தே ஆகவேண்டும். "பார், பார்" என்று பயிற்றுவோன் தொண்டை வற்றக் கத்த வேண்டுவதில்லை, களமே கற்பிக்கிறது. பக்கத்துக்கு மூவரேயாதலின் ஒளிந்து நிற்கவும் ஒருவனுக்கும் இடமில்லை. முன்னே கூறிய அம்மந்தமான சிறுவனுக்கும், வேண்டினும் வேண்டாவிடினும், நிமிடத்துக்கொருமுறையேனும் பந்து வந்துசேரும், தவறினாலும் நகைக்க அங்கே வரிசை நிற்பதில்லை, எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கின்றனர்.

பின் இருபது நிமிடம், பக்கத்துக்கு ஒன்பதின்மராகப் பேராட்டம். அப்போது பயிற்றுவோன் ஒன்றும் பேசலாகாது. கற்றது தங்கியிருக்கிறதா என்று காணும் நேரம் அது. இருபது நிமிடம் வாய்மூடி நிற்றல் பிள்ளைகளுக்கன்று, பயிற்றுவோனுக்கே அரிய பயிற்சி. எஞ்சிய ஐந்து நிமிடம் மெல்ல நடந்து, இரண்டு வினா கேட்டு, பந்துகளை எண்ணிப் பையிலிட்டுக்கொண்டு வீடு திரும்ப வேண்டியதுதான்.

கட்சி பிரிப்பது பற்றி ஒரு சொல். இரண்டு தலைவரை நிறுத்தி, ஒவ்வொருவராகப் பொறுக்கி எடுக்கவிடும் வழக்கம் பல இடங்களிலும் உண்டு. கடைசியாக எஞ்சும் இருவர் முகத்தை ஒருமுறை பார்த்தவர் அதனை மறுமுறை செய்யார். நம் பழைய கிராம விளையாட்டுக்களில் இதற்கு மிகச் சிறந்த முறை ஒன்று இருக்கிறது. அதனை உத்தி பிரித்தல் என்பர். ஏறக்குறைய ஒத்த வலிமையுடைய இருவர் தோளிற் கைபோட்டுத் தனியே சென்று, ஒருவன் சூரியன், ஒருவன் சந்திரன் என்றாற்போல மறைபெயர் வைத்துக்கொண்டு வந்து, தலைவரிடம் எது வேண்டும் என்று கேட்பர். தலைவன் பெயரைத் தேர்கிறானே யன்றி ஆளைத் தேர்வதில்லை. கட்சிகள் தாமே சமமாகின்றன. ஒருவனும் கடைசியாக நிற்பதில்லை. மேனாட்டுப் பயிற்சி நூல்களிற் கட்சி பிரிக்கும் முறைகள் பல கூறப்பட்டிருப்பினும், இத்துணை நயமுடையது ஒன்றை யாம் கண்டிலோம்.

பேச்சைக் குறைத்தல் வேண்டும். ஒரு பயிற்சியை விளக்க ஒரு நிமிடத்துக்குமேற் போனால் பிள்ளைகள் கால்விரலால் மண்ணைக் கிளறத் தொடங்குவர். விளக்கும்போது பயிற்றுவோன் தான் வெயிலை எதிர்நோக்கி நின்று, பிள்ளைகள் முதுகில் வெயில் படுமாறு நிறுத்துக. சாலையும் அதிற் செல்லும் வண்டிகளும் அவர்கள் கண்ணுக்குப் படாதிருக்கட்டும். "இடப்பக்கம் கொடு" என்று கட்டளையிடுவதினும், ஆட்டத்தை ஒரு நொடி நிறுத்தி, "தம்பி, பந்து வருமுன் உனக்குப் பின்னால் யார் நின்றான்?" என்று கேட்பது நன்று. அவன் "தெரியவில்லை அண்ணா" என்பான். அவ்வளவே போதும், அடுத்தமுறை திரும்பிப் பார்ப்பான். ஓடச்சொல்லித் தண்டிப்பது அறவே கூடாது. ஓட்டத்தைத் தண்டனையாக அறிந்தவன் ஓட்டத்தை விரும்புவதெங்ஙனம்?

உடற்காப்பினையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். ஏழு முதல் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென வகுக்கப்பட்ட ஓட்டம், ஒற்றைக்கால் நிலை, குதித்தல், விழப்பழகுதல் முதலியன அடங்கிய தொடக்கப் பயிற்சியை ஐரோப்பாவின் நான்கு நாடுகளிற் சோதித்து 2018-இல் வெளியிட்டனர். அதனைக் கைக்கொண்ட குழுக்களிற் காயங்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அவற்றுள் இரண்டொன்றைத் தொட்டுப் பிடிக்கும் விளையாட்டின் நடுவே சேர்த்துக்கொள்ளலாம். தலையால் முட்டுதலைச் சிறுவர்க்குக் கற்பிக்க வேண்டா. ஸ்காட்லாந்தின் பழைய தொழில்முறை ஆட்டக்காரரை ஆராய்ந்த கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தார், மூளைநரம்பு தேயும் நோய்களால் அவர்கள் இறப்பது ஏனையோரினும் மூன்றரை மடங்கு மிகுதி என 2019-இற் கூறினர். அதன்பின் 2020 பிப்ரவரியில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்கள் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் பயிற்சியில் தலைமுட்டு வேண்டாவெனத் தடுத்தன. அமெரிக்கர் 2015-லேயே பத்து வயதுக்குட்பட்டார்க்கு அதனை விலக்கியிருந்தனர். நம் நாட்டு வெயிலிலோ இவற்றினும் முன்நிற்பது தண்ணீர். இருபது நிமிடத்துக்கொருமுறை, தாகம் என்று கேளாதவனையும் அழைத்துக் குடிக்கச் செய்க. சித்திரை, வைகாசியிற் பயிற்சியைக் காலை ஆறுமணிக்கு மாற்றிவிடுவதே தக்கது.

இங்கே ஒரு தடை எழும். "இரண்டு வாரத்திற் கேடயப் போட்டி வருகிறது, பதினெண்மரையும் சமமாகப் பழக்கிக் கொண்டிருந்தால் தோற்றுப் போவோமே, வல்லவர் பதினொருவரை மட்டும் பழக்கினால் ஆகாதா?" என்பர். தலைமையாசிரியர் கேடயத்தை எதிர்பார்க்கிறார், பெற்றோர் எதிர்பார்க்கின்றனர், பயிற்றுவோனுக்கும் ஆசை உண்டு. இத்தடையை இலேசாகத் தள்ளிவிட முடியாது. பதினொருவரை மட்டும் பழக்கினால் அவ்வாண்டுக் கேடயம் ஒருவேளை கிடைக்கலாம் என்பதையும் மறுக்கிலோம். ஆயினும், பதினொரு வயதில் உயரத்தால் வெல்பவன் பதினைந்தில் ஏனையோரும் வளர்ந்தபின் தன் ஒரே கருவியை இழந்து நிற்பான்; அதற்குள் மற்ற எழுவரும் மைதானத்தை விட்டுப் போயிருப்பர். இந்திய நாட்டுக் குழுவைப் பழக்கி 1951-இலும் 1962-இலும் ஆசிய விளையாட்டில் தங்கம் வெல்லச் செய்தவரும், 1956-இல் மெல்பர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம் அடையச் செய்தவருமாகிய சையது அப்துல் ரஹீம், ஐதராபாத்திற் பள்ளி ஆசிரியராயிருந்தவர். அவர் தம் ஊரில், வலக்காலன் இடக்காலாலேயே ஆடவேண்டும் என்றாற்போன்ற கட்டுப்பாடுடைய போட்டிகளை நடத்தினார். வலிமை குன்றிய கால் தேறவேண்டுமாயின் வல்ல காலைச் சிறிது பொறுத்திருக்கச் செய்யவேண்டும் என்பது அதன் கருத்துப்போலும். குழுவுக்கும் இது பொருந்துமென்பது எம் துணிபு. போட்டியிலும் ஒவ்வொரு சிறுவனுக்கும் பாதி நேரமேனும் ஆட இடங்கொடுத்தல் என்பதைத் தொடக்க நாளிலேயே பெற்றோர்க்குச் சொல்லி ஒப்புதல் பெற்றுவிட்டால், போட்டி நாளிற் பூசல் குறையும்.

இதுகாறும் சிறுவர் என்றே எழுதிவந்தோம். சிறுமியர்க்கும் இவையனைத்தும் ஒக்கும். பந்தாட்டம் நம் இலக்கியத்திற் பெரிதும் மகளிர்க்கே உரியதாகப் பேசப்படுவது. சிலப்பதிகாரத்துக் கந்துகவரியை அறியாதார் யார்? அவ்வுரிமையை நம் மகளிர் மீட்டுக்கொண்டு வருகின்றனர். தேசிய மகளிர் காற்பந்துப் போட்டியில் 2018-இலும் 2023-இலும் தமிழ்நாட்டுக் குழுவே வாகை சூடியது. சிறுமியர் இருவர் மூவரே வந்தாலும், அவரை ஓரத்தில் நிறுத்தாது மூவராட்டத்திற் சேர்த்துக்கொள்வதற்குத் தடையொன்றுமில்லை.

வீடு திரும்பியபின் பத்து நிமிடம் குறிப்பேட்டுக்கு ஒதுக்குக. எழுதவேண்டுவன மூன்றே. எந்தப் பயிற்சியிற் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தனர்; எவன் தலைதிருப்பிப் பார்க்கத் தொடங்கினான்; எவன் வரவில்லை. வராதவன் பெயர்க்கு நேரே காரணம் எழுதும் இடம் வெறுமையாயிருப்பின், மறுநாள் அவன் வகுப்பறை வாயிலில் ஒருமுறை தலைகாட்டி, "ஏன் தம்பி, சனிக்கிழமை வரவில்லை?" என்று கேட்டு வருக. அடுத்த வாரத் திட்டம் புத்தகத்திலிருந்தன்று, இக்குறிப்பிலிருந்தே தொடங்கும். மூவர் கூட்டத்திற் பாதிப்பேர் இன்னும் பாராமலே திருப்பித் தந்தனராயின், அதே பொருளை மறுவாரமும் வேறு விளையாட்டால் நடத்தலாம். பிள்ளைகள் அறியவும் மாட்டார்.

ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் சேறாகிவிடும். அந்நாட்களில் பயிற்சி இல்லையென்று அனுப்பிவிடாமல், பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்திலோ கொட்டகையிலோ, காற்றுக் குறைந்த பந்தைக் கொண்டு பக்கத்துக்கு இருவராக ஆடவிடலாம். காற்றுக் குறைந்த பந்து துள்ளாது, கண்ணாடியும் உடையாது. சுவரில் மோதித் திரும்பும் பந்தும் ஆட்டத்திலுள்ளதே என்று விதி செய்துகொண்டால் நாற்புறமும் பார்த்தே ஆடவேண்டியிருக்கும். மழைநாளில் எட்டுப் பேரே வருவர். எட்டுப் பேருக்கு இரண்டு ஆட்டம், இரண்டு பந்து.